வயல் வரப்பும் கப்பல் பட்டியலும்

1783-இல் வெர்சாய் நகரில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில் வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு பெயர்கள் இடம்பெற்றிருக்கின்றன. புதுச்சேரிக் கோட்டையைச் சுற்றி ஏதாவது நிலம் வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் கேட்டார்கள். இந்த இரண்டு மாகாணங்களும் அவர்களுக்குக் கிடைத்தன. வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டார்களோ என்று தோன்றும் அளவுக்கு அந்தப் பங்கீடு சிக்கலானது. பிரெஞ்சுக் கிராமத்தை அடுத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிராமம் வரும், அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சுக் கிராமம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பேருந்து இன்றைக்கும் ஒரே பயணத்தில் இரண்டு அரசுகளின் எல்லைக்குள் மாறி மாறி நுழைந்து வெளியேறுகிறது.

கடல் கடத்தப்பட்ட ஒரு கைதியைத் தேடுகிறவருக்கு இந்தச் சிக்கல்தான் முதல் துப்பு. பாகூர் ஏரிப் பாசனத்தில் இந்தப் பக்கத்து வயலில் மாடு திருடியவன் பிரெஞ்சு நீதிபதி முன் நின்றான். வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் திருடியவன் தென்னார்க்காடு மாவட்டத்துக் கைதியானான். ஊர், சாதி, கும்பிட்ட தெய்வம் எல்லாம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அவர்களைப் பற்றிய தாள்கள் இன்று இருவேறு கண்டங்களில் கிடக்கின்றன. எல்லை தாண்டி ஓடித் தப்பிக்கவும் வழி ஓரளவுக்குத்தான் இருந்தது. 1815-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் உப்பு, அபினி வணிகத்தைப் பேசிய கையோடு, ஒரு பக்கத்தில் குற்றம் செய்து மறுபக்கத்தில் ஒளிந்தவரை ஒப்படைக்கவும் வகை செய்தது. ஆண்டொன்றுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் வாங்கிக்கொண்டு பிரெஞ்சு அரசு தன் உபரி உப்பைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த அதே ஒப்பந்தம்தான். உப்புக்கும் ஓடிப்போனவனுக்கும் ஒரே தாளில் ஏற்பாடு.

குடும்பங்களில் சொல்லப்படும் கதையில் இந்த வேறுபாடெல்லாம் இருக்காது. “கொள்ளுத் தாத்தாவோட தம்பி கப்பலேறிப் போனார், திரும்பல” என்பதோடு முடிந்துவிடும். கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவரும், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போனவரும், காலில் விலங்கோடு ஏற்றப்பட்டவரும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். கைதியாகப் போனதை மறைக்கக் கூலி என்று சொன்ன வீடுகளும் இருந்திருக்கும், கூலியாகப் போனதன் வலியைத் தண்டனை என்று நினைவில் வைத்த வீடுகளும் இருந்திருக்கும். ஆகவே பெயரிலிருந்து தேடலைத் தொடங்குவது வீண் என்பது என் கருத்து. எந்த வயல், எந்த ஆண்டு, எந்தச் சர்க்கார் என்ற மூன்றும் தெரிந்தால் கப்பல் தானாகத் தெரியவரும். பெயரைக் கடைசியாகத் தேடலாம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதே வேலையைப் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள், வெற்றியும் பெறுகிறார்கள். தாமஸ் மியூர் என்ற கிளாஸ்கோ வழக்கறிஞரின் கதை நல்ல சான்று. பாராளுமன்றச் சீர்திருத்தம் பேசியதற்காக, ராஜத்துரோகம் என்று 1793 ஆகஸ்டில் எடின்பரோ நீதிமன்றம் அவருக்கு 14 ஆண்டு நாடுகடத்தல் விதித்தது. 1794-இல் ‘சர்ப்ரைஸ்’ என்ற கப்பல் அவரைச் சிட்னியில் இறக்கியது. 1796-இல் ‘ஆட்டர்’ என்ற அமெரிக்கக் கப்பலில் தப்பினார். பசிபிக் கடலைக் கடந்து, மெக்சிகோ, ஹவானா வழியாக ஸ்பெயின் கரைக்கு வரும்போது பிரிட்டிஷ் கப்பல்கள் சுட்டதில் முகம் சிதைந்தது. 1799 ஜனவரியில் பிரான்சில் ஷாந்திய்யி என்ற ஊரில் இறந்தார். ஐந்தரை ஆண்டில் உலகைச் சுற்றிய ஒரு கைதியின் ஒவ்வொரு துறைமுகமும் நமக்குத் தெரிகிறது.

மியூர் பிரபலமானவர் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. துணி திருடிய சாதாரண ஸ்காட்லாந்துப் பெண்ணுக்கும் சாட்சிகளின் முன்விசாரணை வாக்குமூலம், தீர்ப்பு, கப்பல் பதிவேடு, சிட்னியில் எடுத்த தலைக்கணக்கு, நன்னடத்தை விடுப்புச் சீட்டு, கல்யாணப் பதிவு என்று ஒரு சங்கிலி கிடைக்கிறது. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1,62,000 பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு நாட்டின் குடிமக்களாகி, ஒரு கட்டத்தில் வெட்கம் தெளிந்து, தேடத் தொடங்கினார்கள். தேடுகிறவர்கள் பெருகியதால் ஆவணங்கள் அட்டவணைப்படுத்தப்பட்டன, பிறகு இணையத்துக்கும் வந்தன. கம்பெனி எழுதிய ஏடுகள் ஒன்றும் குறைந்தவை அல்ல. அவற்றைக் கேட்டு வாசலில் நின்ற பேரப்பிள்ளைகள்தான் குறைவு.

இனி நம் பக்கம் வருவோம். ‘தீவாந்தர சிட்சை’ என்று பழைய தமிழில் சொன்ன இந்தத் தண்டனைக்குக் காலத்துக்கு ஒரு தீவு இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவின் பெங்கூலன், பிறகு அப்போது வேல்ஸ் இளவரசர் தீவு எனப்பட்ட பினாங்கு. 1793-இல் அந்தமானில் ஒரு கைதிக் குடியிருப்பு தொடங்கிக் காய்ச்சலால் மூன்றே ஆண்டில் மூடப்பட்டது, அங்கிருந்த கைதிகளும் பினாங்குக்கே போனார்கள். 1824-இல் பெங்கூலனை டச்சுக்காரருக்குக் கொடுப்பதென்று ஒப்பந்தமானதும் அடுத்த ஆண்டே அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு வந்தார்கள். மலாக்காவும் பர்மாவின் தெனாசரிம் கரையும் சேர்ந்தன. 1858 மார்ச்சில் ‘செமிராமிஸ்’ கப்பல் 200 கைதிகளோடு அந்தமான் சேர்ந்தபின் மற்ற தீவுகளின் காலம் முடியத் தொடங்கியது.

மொரீசியஸ் இந்த வரிசையில் ஒரு பொறி. 1810 வரை பிரெஞ்சுத் தீவாக இருந்ததாலும், போர்லூயியில் தமிழ்க் கைவினைஞர்களின் குடியிருப்பு 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததாலும், புதுச்சேரிக்காரர் மனம் உடனே அங்கே ஓடும். 1836-இல் அங்கு இறங்கிய சார்லஸ் டார்வினும் சாலை வேலை செய்த சுமார் 800 இந்தியக் கைதிகளைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் 1815 முதல் மொரீசியஸுக்கு அனுப்பப்பட்ட இந்தியக் கைதிகள் பெரும்பாலும் வங்காளம், பம்பாய் மாகாணத்தவர்கள். சென்னை மாகாணத்தார் கிழக்கு நோக்கிப் போனார்கள். எனவே பாகூர்க்காரர் ஒருவர் 1830-களில் மொரீசியஸில் இருந்தார் என்றால் அவரைக் கைதிப் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூலிப் பதிவேட்டுக்குப் போகலாம். அவை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பிற்காலப் பதிவுகள் பலவற்றில் புகைப்படத்தோடு.

தீர்ப்பு கிடைத்தவுடன் கப்பல் கிடைத்துவிட்டதாக நினைப்பது இன்னொரு பொறி. 1908-இல் வ.உ. சிதம்பரனாருக்கு நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள், மொத்தம் 40 ஆண்டு நாடுகடத்தல். காகிதத்தில் அவர் அந்தமான் கைதி. நடந்ததோ கோயம்புத்தூர்ச் சிறையும் கண்ணூர்ச் சிறையும்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். புகழ்பெற்றவர் என்பதால் வ.உ.சி. விஷயத்தில் யாரும் ஏமாறுவதில்லை. பெயர் தெரியாத ஒருவர் விஷயத்தில் தீர்ப்பேட்டை மட்டும் பார்த்துவிட்டு ஒரு குடும்பமே போர்ட் பிளேருக்குப் போய்த் தேடிக்கொண்டிருக்கும்.

தமிழகத்தில் இருந்து கடல் கடத்தப்பட்டவர்களில் கப்பலின் பெயர், ஏறிய துறை, ஏறிய நாள், தீவில் பிற்காலத் தோற்றம் எல்லாம் ஒரே கோட்டில் நமக்குத் தெரியும் ஒருவர் துரைசாமி, சின்ன மருதுவின் மகன். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். குடும்பத்து ஆண்களும் அதே கதியை அடைந்தார்கள். மிஞ்சிய சிறுவன் துரைசாமியும், மருதிருவரால் சிவகங்கை அரசராக்கப்பட்ட வேங்கன் பெரிய உடையத் தேவரும், கிளர்ச்சியில் பிடிபட்ட மற்றவர்களுமாக எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டார்கள். போக வேண்டிய இடம் பினாங்கு.

தூத்துக்குடியில் அவர்களைக் காவல் காத்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். அவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பழைய பழக்கம் உண்டு. 1795-இல் மதுரைப் பக்கம் இளம் அதிகாரியாக இருந்தபோது ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். குருவை எதிர்த்துப் போரிட்டு, குருவின் மகனைக் கப்பலேற்றிய மனிதர். 1818-இல் அவர் பினாங்கில் இறங்குகிறார். தளர்ந்து கூனிய ஒரு கிழவர் அவரைத் தேடி வருகிறார். யார் என்று கேட்கிறார் வெல்ஷ். துரைசாமி என்று பதில் வருகிறது. கப்பலேறும்போது அந்தப் பையனுக்கு வயது சுமார் 15. அப்படியானால் அன்று வெல்ஷ் கண்ட ‘கிழவருக்கு’ முப்பதுகளின் தொடக்கம்தான். பதினாறு ஆண்டுத் தீவு வாழ்க்கையைப் பற்றி எந்தச் சிறைக் குறிப்பையும்விட இந்த ஒரு கணக்கு அதிகம் சொல்கிறது.

1830-இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த வெல்ஷின் இராணுவ நினைவுக் குறிப்புகள் இல்லையென்றால் இந்தச் சந்திப்பு நமக்குத் தெரிந்திருக்காது. மருதிருவர் வரலாறு எழுதிய ந. சஞ்சீவி முதல் தென்னிந்தியக் கிளர்ச்சியை ஆராய்ந்த கே. ராஜய்யன் வரை எல்லோருக்கும் அந்த நூல் தவிர்க்க முடியாததாக இருந்தது. இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. துரைசாமி கிடைத்தது அவர் பாளையத்து வீட்டுப் பிள்ளை என்பதால், அவரைக் கப்பலேற்றியவருக்கே மனம் கேட்காமல் போனதால். அதே கப்பலின் அடித்தட்டில் இருந்த மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி எழுதிவைக்க ஒரு வெல்ஷ் இல்லை. கப்பல் தெரிந்தும், நாள் தெரிந்தும், மனிதர்கள் ஒரு தொகையாகவே நிற்கிறார்கள்.

அரசியல் கைதியல்லாத, சாதாரணக் குற்றவாளியின் பாதை வேறு. அவனைப் பற்றிக் கம்பெனி எழுதியதில் ஒரு பகுதி அவன் உடம்பிலேயே இருந்தது. வங்காளத்தில் 1797-இலும் சென்னை மாகாணத்தில் 1802-இலும் வந்த விதிகளின்படி, ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றமும் தண்டனை விவரமும் அந்தந்த ஊர் மொழியில் பச்சை குத்தப்பட்டன. தப்பி ஓடினால் அடையாளம் தெரிய வேண்டும் என்பது காரணம். 1849-இல்தான் இது நின்றது. தலைப்பாகையை நெற்றிக்கு இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. தலையெழுத்து என்பதை இவ்வளவு நேரடியாக எடுத்துக்கொண்ட அரசு வேறு இருந்திருக்காது.

1825 ஏப்ரல் 18 அன்று ‘ஹொரேஷியோ’ என்ற கப்பல் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு 80 சென்னைக் கைதிகளைக் கொண்டுவந்தது. 79 ஆண்கள், ஒரு பெண். ஒரு வாரம் கழித்து வங்காளக் கைதிகள் வந்தார்கள். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் கொடி ஏறி ஆறே ஆண்டு ஆகியிருந்தது. சதுப்பு நிலத்தைத் தூர்த்தது, சாலை போட்டது, கல் உடைத்தது எல்லாம் இவர்கள்தான். நடத்தையைப் பொறுத்துக் கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். புதிதாக வந்தவர் விலங்கோடு தொடங்குவார். நம்பிக்கை பெற்றவர் விலங்கு நீங்கி, தொழில் கற்று, மேஸ்திரியாகி, கடைசியில் மற்றக் கைதிகளுக்குக் காவலராகவே ஆகலாம். அங்குக் கண்காணிப்பாளராக இருந்த மக்நேர், கைதிகளே தங்களுக்குக் காவலர் என்ற பொருளில் தலைப்பிட்டு 1899-இல் ஒரு நூல் எழுதினார். தமிழ்க் கைதிகளைத் தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டிய நூல் அது. எழுதியவரின் பெருமிதத்தைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் படிக்க வேண்டும்.

அந்த நூலில் என்னை நிறுத்தியது சுண்ணாம்பு பற்றிய பகுதி. சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம், ஸ்காட்லாந்தின் காவல் புனிதர் பெயரைத் தாங்கியது. முதல் கோயிலைக் கட்ட அங்கிருந்த ஸ்காட்லாந்து வணிகர்கள் பணம் கொடுத்ததால் வந்த பெயர். அந்தக் கட்டடம் இரண்டு முறை இடி விழுந்து பழுதாகி இடிக்கப்பட்டது. 1856-இல் அடிக்கல் நாட்டி, 1862 ஜனவரியில் அர்ச்சிக்கப்பட்ட இப்போதைய பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் உட்சுவர்ப் பூச்சுக்கு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று பெயர். மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இவற்றை அடித்துக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவருக்குக் கை இதை அடையாளம் காணும். புதுச்சேரியின் பழைய மாளிகைகளிலும் இந்தக் குடும்பத்துப் பூச்சுதான். ஸ்காட்லாந்தின் கைதிகளை ஆஸ்திரேலியாவில் பெயரைச் சொல்லித் தேட முடிகிறது. ஸ்காட்லாந்தின் புனிதருக்குச் சுவர் எழுப்பிய நம் கைதிகளைத் தொழிலைச் சொல்லித்தான் தேட முடிகிறது. கொத்தனார், கொல்லர், தச்சர் என்று மக்நேரின் பட்டறைக் கணக்குகளில் இருக்கிறார்கள். வில்லியனூர் என்றோ செஞ்சி என்றோ அந்தக் கணக்கில் ஊர் இருக்காது. அதை இந்தப் பக்கத்துத் தாளில்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கத்துத் தாள் இருப்பது எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். தென்னார்க்காடு மாவட்டப் பதிவுகளும் நீதித்துறை ஆலோசனைக் குறிப்புகளும் அங்கே உண்டு. ஆலோசனைக் குறிப்புகளின் இன்னொரு படி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகத் தொகுப்பில். 1793 முதல் 1816 வரை பாகூரும் வில்லியனூரும்கூடப் பிரிட்டிஷார் கையில் இருந்ததால், அந்த இடைப்பட்ட காலத்துக்குப் பிரெஞ்சுக் கிராமத்தவரையும் கம்பெனிப் பதிவுகளில் தேடிப் பார்ப்பது முறை. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசிடமிருந்து பிரிந்தன, 1873-க்குள் எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்டார்கள். அதனால் ஒரே ஆள் இரண்டு தீவுகளின் பட்டியலில் வர வாய்ப்புண்டு. விடுதலை பெற்றுப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தங்கி மாட்டுவண்டி ஓட்டியவர்களும், பால் வியாபாரம் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் மலாயாத் தமிழ்ச் சமூகத்தில் கரைந்தார்கள்.

வரப்பின் பிரெஞ்சுப் பக்கத்தில் சட்டம் வேறு. 1854 மே 30 அன்று பிரான்ஸ் இயற்றிய சட்டம், கடின உழைப்புத் தண்டனை பெற்றவர்கள் அதைக் கடல் கடந்த குடியேற்றங்களிலேயே கழிக்க வேண்டும் என்றது. பிரெஞ்சு கயானா முதலில், 1864 முதல் நியூ கலிடோனியாவும். இந்தக் கைதிகளின் பெயர்த் தொகுப்பைத் தென்பிரான்சில் எக்ஸ் நகரத்துக் கடல் கடந்த ஆவணகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில் புதுச்சேரித் துறையிலிருந்து கூலிக் கப்பல்களும் புறப்பட்டுக்கொண்டிருந்தன என்பதை மறக்கக் கூடாது. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதத்தில் முதன்முதலாக இந்தியக் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது, அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் குவாதலூப்பில். 1860, 1861 ஆண்டுகளின் ஒப்பந்தங்களுக்குப் பிறகு பிரிட்டிஷ் எல்லையிலிருந்தும் ஆள் பிடிக்க வழி கிடைத்தது. ரெயூனியனுக்கு மட்டும் லட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். கயானாவுக்குப் போன பாகூர்க்காரர் கூலியா கைதியா என்ற கேள்விக்குக் கப்பல் பெயர்தான் பதில். கூலிக் கப்பலும் கைதிக் கப்பலும் வேறு வேறு பதிவேடுகளில் இருக்கின்றன. பெயரை நம்பினால் அங்கே ஆயிரம் முத்துசாமிகள், பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதப்பட்டவர்கள்.

இந்த இடத்தில் புதுச்சேரிக் கிராமத்தவருக்குத் தமிழ்நாட்டில் உள்ள அவருடைய உறவினருக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. 1880-இல் பிரெஞ்சிந்தியா கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டபோது வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்களாயின. அதே ஆண்டில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவும் எல்லா இந்தியருக்கும் என்று ஆனது. 1881-இல் வந்த இன்னொரு ஆணை, தனிச் சட்டத்தைத் துறந்தவர்களைக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் செய்தது. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை மாறும் நம் வழக்கத்தில் அறுந்துபோகும் இழை, அந்தக் குடும்பங்களில் அறாமல் வருகிறது. அதற்கு முந்தைய காலத்துக்குக் கிறித்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயில் ஏடுகளைக் கேட்கலாம்.

பிரெஞ்சு சிவில் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் கப்பலில் இறந்தால் அந்தக் கப்பல் தலைவர் மரணப் பதிவு எழுத வேண்டும். அதன் படி இறந்தவர் கடைசியாகக் குடியிருந்த ஊரின் பதிவாளருக்குப் போய், அந்த ஊர் ஏட்டிலும் ஏற வேண்டும். சிறையில், மருத்துவமனையில் இறந்தவருக்கும் இதே முறை. ஆகவே 1880-க்குப் பிறகு கப்பலேறிய வில்லியனூர்க்காரர் ஒருவரைத் தேடுகிறவர், கயானாவிலோ நியூ கலிடோனியாவிலோ தொடங்க வேண்டியதில்லை. எக்ஸ் ஆவணகம் பிரெஞ்சிந்தியப் பதிவேடுகள் பலவற்றையும் இணையத்தில் வைத்திருக்கிறது. அவர் புறப்பட்டுப் போன ஆண்டிலிருந்து முன்னோக்கி, சொந்தக் கொம்யூனின் மரணப் பதிவேட்டை ஆண்டு ஆண்டாகப் புரட்டலாம். உள்ளூர் மரணங்களுக்கு நடுவே, வேறு கையெழுத்தில், வேறு துறைமுகத்தின் பெயரோடு ஒட்டாமல் நிற்கும் பதிவுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.